கொடும்பாவிக்குக் கொள்ளி வைக்க ஓர் ஆள்

மழை இல்லாத அந்த வருஷம் எங்கள் ஊரில் அவரவரும் அவரவர் சாமியிடம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சாமியே இல்லை என்கிற எல்லப்பன் ஒருத்தன்தான் யாரிடமும் சொல்லவில்லை. கிணறு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வற்றியிருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் அது. சேரப்பணஞ்சேரிக்கு மேற்கே எங்கள் ஊர். ஏரிக்குள் முதலில் மாடுகள் மேய்ந்தன. பிறகு மேய ஒன்றும் இல்லாமல் பழக்கத்துக்காகப் போய் நின்றுவிட்டு வந்தன. எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழ் நன்றாக இருந்தது, மழை வரவில்லை. கிறிஸ்தவர்களான எங்கள் கோயில் தெருக்காரர்கள் அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஜெபமாலை சொல்லியபடி வரப்பு வரப்பாகச் சுற்றினோம். அந்தோனியார் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர், மழையும் காணாமல் போனதுதானே என்பது என் வீட்டுக்காரரின் வாதம். திரும்பி வந்தபோது அந்தோனியார் தலையில் ஒரு விரல்கடை புழுதி இருந்தது. கழுவத் தண்ணீர் இல்லாததால் துணியால் தட்டிவிட்டு உள்ளே வைத்தேன்.

என் பெயர் சவரியம்மாள். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் செல்வநாதன் ஊர் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, சாவு வீட்டில் ஆறுதல் சொல்வது எல்லாம் இவர் தலையில்தான். ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரர் என்று இவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் யாரும் இவரோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

எல்லப்பன் பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருந்தான். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். ஆடியானாலும் தையானாலும் கறுப்புச் சட்டைதான். எல்லையம்மன் பெயரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்கிறாயே என்று யாராவது கேட்டால், “பேரு வச்சது எங்கப்பன், அதுக்கு நான் இன்னா பண்றது” என்பான். கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் நாளுக்கு ஒன்றாகப் பகுத்தறிவு எழுதுவான். எழுத்துப் பிழை இருக்காது. டீச்சர் என்ற முறையில் அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் ஆனால் என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்குப் போய்விடுவார். இவர் எல்லப்பனை மனந்திருப்பப் பார்ப்பார், அவன் இவரை. பல வருஷமாகப் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் திரும்பவில்லை. ஆனால் ஒரு நாள் பேசாமல் இருந்தால் இருவருக்கும் சோறு இறங்காது. உலகத்தில் ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதுதான் அடிக்கடி வருகிற சண்டை. சோதனை என்பார் இவர். காரணம் என்பான் அவன். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒரு காரணம் உண்டு, மனிதனுக்கு வருவதும் அப்படித்தான், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரி பண்ணலாம் என்பான். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கும், தன் வீட்டுக்கு வராதவரை.

அந்த வருஷம் சித்திரையில் எல்லப்பன் வீட்டுக்கு வந்தது.

அவனுக்கும் லீலாவுக்கும் எழிலரசி என்று ஒரே பெண், மூன்று வயது. என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும். எல்லா எண்ணுக்கும் ஒரே விடைதான், ஆனால் சத்தமாகச் சொல்லும். அன்றைக்கு எல்லப்பன் காயில் கம்பி வாங்கவும் என் வீட்டுக்காரர் கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கவும் முதல் பஸ்ஸில் தாம்பரம் போயிருந்தார்கள். அந்த பஸ்ஸையும் தவறவிடப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் காலை ஜெபத்தை முடிக்காமல் எழுந்திருக்கவில்லை. எல்லப்பன் எங்கள் வாசலில் நின்று, “உங்க ஆளு எங்கியும் போவ மாட்டாரு, பஸ்ஸு பூடும், வாய்யா” என்று கத்தினான். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் மாட்டுவண்டியிலேயே போய்விட்டது. நான்தான் மடியில் வைத்திருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அடக்கம் பண்ணும்போது சடங்கு எதுவும் வேண்டாம் என்று எல்லப்பன் சொல்லிவிட்டான். பால் தெளிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்களிடம், “வாணாம்மா. அழுவறதுன்னா அழுங்க, பாட்டு வாணாம்” என்றான். அவர்களுக்குப் பாட்டு இல்லாமல் அழத் தெரியாது. எழுந்து போய்விட்டார்கள். லீலா அழவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் வந்து விளக்கம் சொல்லத் தொடங்கியது. பக்கத்து வீட்டு முனியம்மாள் முன்ஜென்மப் பாவம் என்றாள். “கொழந்தையோடதா, என்னோடதா?” என்று லீலா கேட்டாள். முனியம்மாள் யோசித்து, “உன்னோடதாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, ஆறுதல் சொன்ன திருப்தியோடு போனாள். என் வீட்டுக்காரர் போய், ஆண்டவர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றார். எத்தனையோ சாவு வீட்டில் வேலை செய்த வாக்கியம் அது. லீலா நிமிர்ந்து பார்த்து, “உங்க ஆண்டவருக்கு வேற வூட்டுப் பூ கெடைக்கலியா?” என்றாள். இவர் அப்படியே திரும்பி வந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

எல்லப்பன் மட்டும் சாமி, ஜென்மம் எதையும் இழுக்கவில்லை. காரணத்தைத் தேடினான். கண்டுபிடித்தான். கடைப்பலகையில் எழுதினான்: “வாந்திபேதி சாமி குற்றம் அல்ல. கிருமி. தண்ணீரைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.” எழுத்து மங்க மங்க அதன் மேலேயே புதிதாக எழுதினான். வேறு எதையும் பிறகு எழுதவில்லை. ஊரில் பல வீடுகளில் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளையும் அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். நல்ல காரியம்தான் என்று நினைத்தோம். லீலா மட்டும் பஸ் நிற்கும் இடம் பக்கமே வருவதில்லை. ரேஷன் கடைக்குப் போவதானாலும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவாள். ஏன் இந்த வெயிலில் சுற்றுகிறாய் என்று கேட்டேன். “சும்மா, டீச்சரக்கா” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளுப்பாகவே இருந்தது. கடைசியில் பஞ்சாயத்து மெம்பர் பாண்டுரங்கன் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவு செய்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை நின்றுபோனால் ஊரில் எங்கேயோ ஒரு கொடும்பாவி இருப்பதாகக் கணக்கு. அது யாரென்று தெரியாது. அதனால் வைக்கோலால் ஒரு பெண் உருவம் கட்டி, சேலை சுற்றி, தெருத்தெருவாக இழுத்து, பாடையில் கிடத்தி, பெண்கள் மாரடித்து அழுது, சுடுகாட்டில் கொளுத்துவார்கள். ஊர்ப் பாவம் அதோடு வெந்துபோய் மழை வரும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்றாலும், ஆள் யாரென்று தேடாமல் வைக்கோலோடு நிறுத்திக்கொள்கிறார்களே என்று ஒரு மரியாதை உண்டு. பாவியை ஏன் பெண்ணாகவே கட்டுகிறீர்கள் என்று மட்டும் பாண்டுரங்கனைக் கேட்டேன். “அது வழக்கம் டீச்சர்” என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. பாடைக்கு முன்னால் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும். கொடும்பாவிக்குப் பிள்ளையாக நின்றால் அந்தப் பாவம் நம் தலையில் இறங்கிவிடும் என்று ஒருத்தரும் வரவில்லை. பாண்டுரங்கனின் சொந்தத் தம்பிக்கே திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பாண்டுரங்கனுக்கு அந்த யோசனை வந்தது. நேராக எல்லப்பன் கடைக்குப் போனார். என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார்.

“எல்லப்பா, ஊருக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். நீதான் கொள்ளி வைக்கணும்.”

“நானா? எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லேன்னு உனக்குத் தெரியாதா?”

“அதனாலதாம்பா கேக்கறேன். நம்பறவன் தலையிலதான் பாவம் எறங்கும். நீதான் ஒண்ணுமே இல்லேன்றியே, உன்ன இன்னா பண்ணும்?”

எல்லப்பன் இதற்குப் பதில் தேடினான். இவ்வளவு காலம் சாமி இல்லை என்று வாதாடியதற்கு முதல்முறையாக ஊரில் ஒரு மரியாதை கிடைக்கிறது, அது இப்படியா கிடைக்க வேண்டும் என்று யோசித்தான் போலிருக்கிறது. பிறகு ஒரு கண்டிஷன் போட்டான். எரித்து முடித்ததும் மழை எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றிச் சுடுகாட்டிலேயே கொஞ்ச நேரம் பேசுவேன், எல்லாரும் நின்று கேட்க வேண்டும் என்றான். பாண்டுரங்கன் தாராளமாகச் சம்மதித்தார். யார் பேசினாலும் மழை வந்தால் சரி என்பது அவர் கட்சி.

லீலாவிடம் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அவள் வெறுமனே தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம், “நானும் மாரடிக்க வரேன் டீச்சரக்கா” என்றாள். எல்லப்பன், அது அவள் உரிமை என்றான். அவன் அப்படித்தான் பேசுவான்.

அன்று மத்தியானம் எல்லையம்மன் கோயில் தெருவில் பாடை நின்றது. வைக்கோல் பாவிக்கு யாரோ நல்ல சேலையாகவே கட்டியிருந்தார்கள். எல்லப்பன் கறுப்புச் சட்டையைக் கழற்றாமல், கையில் சட்டியோடு முன்னால் நின்றான். சட்டைப் பையில் பேச்சுக்கான குறிப்பு எட்டிப்பார்த்தது. மேளம் கொட்ட, பெண்கள் பாடையைச் சுற்றி உட்கார்ந்து மாரடிக்க ஆரம்பித்தார்கள். வேற்று மதக்காரியான நானும், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, லீலாவுக்குப் பின்னால் போய் நின்றேன். முனியம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

“ஏரி வத்திப் போச்சுதடி, ஏரு மாடு சாஞ்சுதடி,
பாவி நீ போறியே, மேகத்த அவுத்து வுடு.”

ஒவ்வொருத்தியாகப் பாடினார்கள். நடுவில் சிரித்துக்கொண்டார்கள்கூட. செத்தது வைக்கோல் என்பது எல்லாருக்கும் தெரியும். லீலா பாடும் முறை வந்தது. அவள் மாரில் கை வைத்தாள். பிறகு அவளிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“அடுப்பு மூட்ட வெறகில்லையே, ஆத்திக் குடுக்கப் பொழுதில்லையே,
உச்சி வெய்யில் நேரத்துல ஓடி வந்து கேட்டியே,
காய்ச்சாத தண்ணியத்தான் கையால குடுத்தேனே,
பலகையில எழுதினாங்க, பாவி பேர எழுதலையே,
எம் பேரு ஒண்ணு மட்டும் எழுதாம வுட்டாங்களே.”

மேளம் நின்றது. முனியம்மாள் அடுத்த அடியை எடுக்கவில்லை. லீலா திரும்பத் திரும்ப அந்தக் கடைசி வரியைச் சொல்லிச் சொல்லி மாரில் அறைந்துகொண்டாள். பாடையில் கிடந்த பொம்மையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் படுக்கப் போனாள். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

எனக்கு அப்போதுதான் ஏரிக்கரை விளங்கியது. ஆறு மாதமாக அந்தப் பலகை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது, அவளிடம் மட்டும் நீதான் கொன்றாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை என் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சியாக வேறு கொடுத்திருந்தேன். எல்லப்பனைப் பார்த்தேன். அவன் சட்டியைத் தரையில் வைத்துவிட்டான்.

“சட்டிய கீழ வைக்கக் கூடாது எல்லப்பா!” என்று பாண்டுரங்கன் கத்தினார். எல்லப்பன் காதில் விழவில்லை. லீலாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். என் வீடுதான் பக்கம், அங்கே கொண்டுவரச் சொன்னேன். பின்னால் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் பாண்டுரங்கனே சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார் என்று கேள்வி.

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் லீலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. எல்லப்பன் எதிரே குந்திக்கொண்டு தனக்குத் தெரிந்த முறையில் பேசினான். கிருமி எந்தத் தண்ணியில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஈயால் வந்திருக்கலாம், தின்பண்டத்தால் வந்திருக்கலாம், ஊரெல்லாம் அந்தத் தண்ணியைத்தான் குடித்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். எல்லாம் நியாயமான பேச்சு.

“நீதான எழுதின?” என்றாள் லீலா. அதோடு முடிந்தது.

அவன் எழுந்து என் வீட்டுக்காரரைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அடுப்பங்கரை ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

“யோவ் உபதேசி, உன் சாமிதான் எடுத்துக்கிச்சுன்னு அவ கைல சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன். மறுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

“முன்னாடியே சொன்னேனே. அவ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.”

“இன்னொரு தபா சொல்லுய்யா.”

“வாய் வரல எல்லப்பா. அந்தப் பூ கதைய இனிமே எந்த வூட்லயும் என்னால சொல்ல முடியாது.”

“அப்போ இத்தினி வருஷமா எங்கிட்ட இன்னாத்ததான் பேசிக்கினு இருந்த?”

“நீ இன்னாத்த பேசிக்கினு இருந்தியோ அதத்தான்.”

இரண்டு பேரும் காய்ந்துபோன வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் அகப்பையால் அடித்திருப்பேன். ஊரில் கஷ்டத்துக்குக் காரணம் சொல்லத் தெரிந்த இரண்டே பேர். இரண்டு பேரிடமும் என் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குக் கொடுக்க ஒரு வாய்ச் சொல் இல்லை.

எல்லப்பன் திடீரென்று திரும்பி உள்ளே வந்தான். லீலாவுக்கு எதிரே மறுபடியும் உட்கார்ந்தான்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன். அன்னிக்கு நான் தாம்பரம் கெளம்பறப்ப எழிலு முழிச்சிக்கிச்சு. தண்ணி கேட்டுச்சு. நீ தூங்கிக்கினு இருந்த. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வெளி அண்டாவுல மொண்டு குடுத்துட்டுப் போனேன். ரொம்பக் குடிச்சிச்சு. நீ மத்தியானம் குடுத்த தண்ணி சாயங்காலத்துக்குள்ள இப்பிடிப் பண்ணாது. நான் குடுத்ததுதான்.”

லீலா நம்பவில்லை. “பொய் சொல்ற.”

“பொய் இல்ல. உபதேசியார் என்னக் கூப்பிட வந்து வாசல்லதான் நின்னாரு. அவரு பாத்தாரு.”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். இப்படி ஒன்று வரும் என்று அவருக்குத் தெரியாது. முதல் பஸ்ஸுக்கு அவர் எல்லப்பன் வீட்டுக்குப் போகவில்லை, எல்லப்பன்தான் எங்கள் வாசலுக்கு வந்து கத்தினான் என்பது எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். லீலாவுக்குத் தெரியாது.

அவள் அவரைப் பார்த்தாள். “உபதேசியாரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. பாத்தீங்களா?”

இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். “இதும் மேல கைய வச்சு சொல்லுங்க.”

எல்லப்பனுக்கு அந்தப் பொய் எளிது. சாமியும் இல்லை, நரகமும் இல்லை. என் வீட்டுக்காரர் நரகத்தை நம்புகிறவர். அதன் சூடு எப்படி இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சில பிள்ளைகளைக் காய்ச்சலில் விழவைத்தவர். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து தெரிந்து ஒரு பெரிய பாவமும் செய்யாத மனுஷர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

அவர் சுரூபத்தின் மேல் கையை வைத்தார். ஆணி அடித்த பாதத்தின் மேல் அவர் விரல் இருந்தது.

“பாத்தேன்மா. அவன்தான் குடுத்தான். கர்த்தர் மேல ஆணை.”

லீலா சுரூபத்தை என் கையில் கொடுத்தாள். பிறகு எல்லப்பன் பக்கம் திரும்பினாள். பேர் சொல்லிக் கூப்பிடு, நாமிருவரும் சமம் என்று கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லியும் கேட்காதவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

“எல்லப்பா! பாவி! நீயாடா? நீயாடா?”

இரண்டு கையாலும் அவனை அடித்தாள். தலையில், தோளில், மாரில். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கறுப்புச் சட்டைப் பொத்தான் தெறித்து, மழையைப் பற்றிய குறிப்புக் காகிதம் கீழே விழுந்தது. அடித்து அடித்துக் கை ஓய்ந்த இடத்தில் அவன் மேலேயே சாய்ந்து ஓவென்று அழுதாள். எழிலு, எழிலு என்று பெயரைச் சொல்லி அழுதாள். குழந்தை போனதிலிருந்து வராத அழுகை அது. நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே எல்லப்பன் பலகையைத் துடைத்தான். லீலா சில நாள் அவனோடு பேசவில்லை. பிறகு சண்டை போட்டாள். பிறகு சண்டையை நிறுத்திவிட்டுச் சோறு போட்டாள். தன்னை மன்னிக்க அவளுக்கு வழியே தெரியாமல் இருந்தது. புருஷனை மன்னிப்பது பெண்களுக்குப் பழகிய வேலைதானே. கார்த்திகைக்குள் அவள் பஸ் நிற்கும் இடம் வழியாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மழையும் பெய்தது. எங்கள் ஊரில் இல்லை, செம்பரம்பாக்கத்தில். மெட்ராஸ்காரர்கள் குடித்தார்கள். கொடும்பாவியை இழுத்த பலன் காற்றில் நகர்ந்துவிட்டது, சட்டியைக் கீழே வைத்ததுதான் காரணம் என்றார் பாண்டுரங்கன். கொள்ளி வைத்த பாவம் இறங்கியதாலோ என்னவோ அவருக்கு முதுகில் ஒரு கட்டி வந்து, உடைந்து, ஆறியது.

எங்கள் வீட்டில்தான் ஒன்று ஆறவில்லை. அடுத்த மாதம் பங்குச் சாமியார் வந்தார். பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லாரும் வரிசையில் நின்றோம். இவர் நிற்கவில்லை. பெரிய பாவத்தைச் சொல்லித் தீர்க்காதவர் நன்மை, அதாவது பூசையில் தரும் திருவப்பம், வாங்கக் கூடாது. நன்மை கொடுக்கும் நேரத்தில் எல்லாரும் முன்னால் போய் முழங்காலில் நின்றபோது இவர் பின்னால் தூணோரமாக நின்றுவிட்டார். வாயில் ஜெபம் மட்டும் தவறவில்லை. சாமியார் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்த மாதமும் வயிறு சரியில்லை. உபதேசியாரே நன்மை வாங்குவதில்லை என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. குடியா, வேறு ஏதாவதா என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

எல்லப்பன் காதுக்கும் போயிற்று. நேராக வீட்டுக்கு வந்தான்.

“இன்னாய்யா இது? உங்கள்ல தப்பு பண்ணா சாமியார் கைல சொன்னா தீந்துபூடும்னு நீதான் சொல்வ. போய் சொல்லிட்டு வாயேன். அவரு வெளிய சொல்ல மாட்டாரு இல்ல?”

“சொல்ல மாட்டாரு.”

“பின்ன?”

“வாயால சொன்னா போதாது எல்லப்பா. செஞ்சதுக்கு மனசு வருத்தப்படணும். இனிமே செய்ய மாட்டேன்னு தீர்மானம் பண்ணணும். அது இல்லாம போய் முழங்கால் போட்டா, அது சாமியார் கைல சொல்ற இன்னொரு பொய்.”

“வருத்தப்படேன். இன்னா நஷ்டம் உனக்கு?”

“படப் பாக்கறேன். தினமும் ராத்திரி முட்டி போட்டுப் பாக்கறேன். வரலையே. மறுபடி அந்தப் பொண்ணு வந்து சுரூபத்த நீட்டினா மறுபடியும் அதத்தான் சொல்வேன்.”

எல்லப்பன் வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு காரணம் சொல்வான். அன்றைக்கு எழுந்து போய்விட்டான்.

அதற்கு அடுத்த பூசையன்று நன்மைக்கு மணி அடித்தது. எல்லாரும் எழுந்தோம். இவர் தூணோரம் ஒதுங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலுக்கு வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில், எல்லப்பன் கறுப்புச் சட்டையோடு வந்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை, கையும் கூப்பவில்லை. இவரும் அவனைப் பார்த்தார். தூணுக்கும் வாசலுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. ஊரே முன்னால் போய் நன்மை வாங்கிக்கொண்டு திரும்புகிறவரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

நானும் எல்லாம் தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான். வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனையாவது கட்டளையில் வருகிறது என்று இவர் எனக்கு இதுவரை சொல்லிக்கொடுக்கவில்லை. நான் முன்னால் போய் நன்மை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒருத்தராவது வாங்க வேண்டும் இல்லையா.